ஹீலியத்துக்கு 54.4 ஏன் இல்லை? அணுக்கருவின் இழுவையை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மேல்நிலை வேதியியல் ஆசிரியை:
பிளஸ் ஒன் வகுப்பில் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் அணு ஆற்றல் சமன்பாட்டை எழுதி முடித்திருந்தேன். எலக்ட்ரானை அகற்றத் தேவையான ஆற்றல் அணு எண்ணின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடுமென்றால், ஹைட்ரஜனின் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை நான்கால் பெருக்கி ஹீலியத்துக்கு 54.4 வர வேண்டுமே, அட்டவணையில் 24.6 என்றல்லவா இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். 54.4 என்பது ஓர் எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்த அயனிக்கு உரியது என்றேன். "அப்படியானால் அந்த இன்னோர் எலக்ட்ரான் அணுக்கருவின் மின்சுமையில் எவ்வளவை மறைக்கிறது, மிஸ்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

நகை மதிப்பீட்டாளர்:
எக்ஸ் கதிர் இயந்திரத்தில் ஒரு பழைய சங்கிலியின் பற்றுவைத்த இடத்தை வைத்தபோது, வெள்ளிக்குரிய 22.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகட்டை ஒட்டி, வலப்பக்கத்தில் 23.2இல் சிறியதாக இன்னொரு முகடு எழுந்தது. காட்மியம், அதாவது நாம் சொல்லும் கேடிஎம். வெள்ளியின் அணு எண் 47, காட்மியத்துடையது 48. ஒரே ஒரு புரோட்டான் கூடியதால் உள்கூட்டு எலக்ட்ரானின் மட்டம் இறங்கிய தூரம் திரையில் தெரிந்தது. 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி கண்ட விதி இதுதான்: முகட்டின் ஆற்றல் எந்த அளவில் கூடும் என்று அறிய, அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து இருமடியாக்கினால் போதும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்:
"போதும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒன்றைக் கழிப்பது கே வரிகளுக்கு, அதாவது எலக்ட்ரான் முதல் கூட்டுக்கு இறங்கும்போது எழும் முகடுகளுக்கு, மட்டுமே பொருந்தும். தங்கத்துக்கு நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் 9.7 முகடு எல் வரி, அதாவது இரண்டாம் கூட்டுக்கு இறங்கும்போது எழுவது. அங்கே ஏறத்தாழ 7.4ஐக் கழிக்க வேண்டும், ஏனெனில் உள்ளே மறைக்கும் எலக்ட்ரான்கள் அதிகம்.

ஆசிரியை அவர்களுக்கு ஒன்று, கேட்காமலேயே சொல்கிறேன். அந்த மாணவிக்கு ஒற்றை எண்ணை விடையாகக் கொடுத்துவிடாதீர்கள். 24.6ஐ 13.6ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் செயலுறு மின்சுமை, அதாவது மறைப்பு போக எலக்ட்ரான் உணரும் மின்சுமை, 1.34 என்று வரும். இரண்டு எலக்ட்ரான்களையும் அகற்றத் தேவையான 79.0 எலக்ட்ரான் வோல்ட்டைச் சமமாகப் பங்கிட்டுக் கணக்கிட்டாலோ 1.70 வரும். ஓர் எலக்ட்ரான் வெளியேறியதும் எஞ்சியது முழு மின்சுமையையும் உணர்ந்து ஆழமாக இறங்கிவிடுகிறது; அந்த இறக்கத்தின் பலன் முதல் அயனியாக்கும் ஆற்றலைக் குறைத்துக் காட்டுகிறது. இதைக் கரும்பலகையில் அவளையே கணக்கிடச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கல்லூரி ஆய்வக உதவியாளர்:
நான் கண்டது சோடியம் விளக்கு மட்டும்தான். நிறமாலைமானியைச் சரிசெய்யும்போது 589.0, 589.6 நானோமீட்டரில் இரட்டை மஞ்சள் கோடு பிரிந்து நிற்கும். அது, மூன்றாம் கூட்டின் இரு துணை மட்டங்களான 3பி, 3எஸ் ஆகியவற்றில், எலக்ட்ரான் 3பியிலிருந்து 3எஸ்ஸுக்கு இறங்கும்போது வரும் ஒளி. 3எஸ் எலக்ட்ரான் உள்கூடுகளுக்குள் ஊடுருவி அணுக்கருவைக் கூடுதலாக உணர்வதால்தான் அவற்றிடையே 2.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. ஹைட்ரஜனில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே ஆற்றலில் இருப்பதால், இதற்கு இணையான கோட்டை அதன் நிறமாலையில் தேடினாலும் கிடைக்காது.