புதுப்பிப்பு: கொள்ளுத்தாத்தாவின் ஊர் தெரிந்துவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த என் கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊரை எப்படிக் கண்டறிவது என்று முன்பு கேட்டிருந்தேன். வாசகர் நேரம் முடிந்தபின் நூலகத்தில் நடந்த குடும்ப வரலாற்று இரவுக்குச் செல்லுமாறு சிலர் சொன்னீர்கள், சென்றேன்.

1860 நவம்பர் 16இல் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நெட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் தனித்தனி எண் வழங்கப்பட்டது என்பதை அறிந்திருந்தும், நான் இத்தனை நாளும் பெயரை வைத்தே தேடி ஏமாந்திருக்கிறேன். முனுசாமியை மூன்சாமி என்று எழுதிய எழுத்தர்களிடம் பெயரை நம்பிப் போனது என் தவறுதான். பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய தந்தையின் எண் இருந்ததை நூலகர்தான் சுட்டிக்காட்டினார். அதைக் கொண்டு கப்பல் பட்டியலைப் புரட்டியதும், தந்தை பெயர், வயது, சாதி, உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றோடு வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்ற குறிப்பும் கிடைத்தது. கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தாலும், உரக்கப் படித்தபோது அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

கொள்ளுப்பாட்டி அந்தக் கப்பலில் இல்லை. அவருடைய எண்ணைத் தேட அடுத்த இரவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.