பெரிய எழுத்து ஸலவாத்துக் கிதாபு எங்கே கிடைக்கும்?

அஸ்ஸலாமு அலைக்கும். கம்பளையில் இருக்கும் எங்கள் உம்மம்மாவுக்கு, பொருள் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) எழுதிய ஸலவாத்துக் கிதாபு (நபி மீது ஓதும் ஸலவாத்துகள் அடங்கிய நூல்) ஒன்று வேண்டும். அவர் வாசிக்கக் கற்றது அந்த எழுத்துத்தான். பழைய பிரதியில் மை பரவி ஹரகத்துகளே (உயிரொலிக் குறிகள்) தெரிவதில்லை; பார்வையும் மங்கிவிட்டது.

வெள்ளி இரவுகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, ஸலாத்துன் நாரிய்யா என்ற ஸலவாத்தை 4444 தடவை பங்கு போட்டு ஓதுவார்கள். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுவார்கள். நாரிய்யா அவருக்கு மனப்பாடம்தான். மற்ற ஸலவாத்துகளுக்குக் கிதாபு இல்லாமல் முடியாது.

தமிழெழுத்தில் உச்சரிப்பு மட்டும் போட்ட புத்தகம் சரிவராது, அதில் ஸீன், ஸாத் என்ற இரண்டு அரபு எழுத்துகளும் ஒன்றாகிவிடும். கைபேசியும் வேண்டாம், கிதாபைக் கையில் ஏந்தி ஓதினால்தான் அவருக்கு மனம் நிறையும்.

கண்டி, அக்குறணை, மாத்தளைப் பக்கம் எந்தக் கிதாபுக் கடையில் கேட்கலாம்? யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் பெரிதாக்கிப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.