பழைய கோல்ஃப் 1 ஜிடிஐ-க்கு 280 மி.மீ. டிஸ்க் போடலாமா?

லெனேசியா83:
எண்பதுகளில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1 ஜிடிஐ கார் என்னுடையது. முன்னால் 239 மி.மீ. டிஸ்க், பின்னால் 180 மி.மீ. டிரம். ஈஸ்டருக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் லெனேசியாவிலிருந்து டர்பன் பக்கம் இருக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம், நான்கு பேர், டிக்கி நிறைய சாமான். என்3 நெடுஞ்சாலையில் ஹில்டன் தாண்டி டவுன் ஹில் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பாதி வழி பிரேக்கிலேயே கால் வைத்திருந்தேன், மாரிட்ஸ்பர்க் நெருங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. மூன்று முறை அடித்த பிறகுதான் பிடித்தது. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. இனி இந்த பிரேக்கோடு ஓட்டமாட்டேன். கொராடோ ஜி60 காரின் 280 மி.மீ. டிஸ்க்கும் 54 மி.மீ. பிஸ்டன் கேலிப்பரும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஒரு செட் கிடைக்கிறது. 15 இஞ்ச் வீல் ஏற்கெனவே இருக்கிறது. போட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்16வி:
யோசிக்காமல் போடுங்கள் அண்ணா. நான் 256 மி.மீ. டிஸ்க் போட்டு ஆறு வருடம் ஆகிறது, ஒரு நாளும் வருந்தவில்லை.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
அண்ணா, வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறை இருப்பது அந்த டவுன் ஹில்லுக்குக் கீழேதான், உங்களைப் போலவே பயந்துபோய் வருகிறவர்களை ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பார்க்கிறேன்.

பெடல் கல் மாதிரி நின்று கார் மட்டும் நிற்காமல் போனால் அது டிஸ்க்கை அழுத்தும் பேடு சூடேறிப் பிடி இழப்பது. பெடலே கீழே போய், அடித்தால் திரும்பி வந்தால், அநேகமாக பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்திருக்கிறது. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் தர அளவுப்படியே 155-க்கு இறங்கிவிடும். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

லெனேசியா83:
வாங்கும்போது மாற்றியதாக முன் உரிமையாளர் சொன்னார். அது நான்கு வருடம் முன்னால். ஆனால் ஆயில் மட்டும்தான் காரணம் என்று ஏற்க மனம் வரவில்லை. வீட்டுப் பக்கம் ஓட்டும்போதே பெடலை மிதிக்க அதிக பலம் வேண்டியிருக்கிறது, டர்பனில் அவ்வளவு இல்லை. இந்த பிரேக்குக்கே சக்தி போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
அது உயரத்தால் வருவது. பெடலை மிதிக்கும்போது காலுக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்வதே வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர், அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குக்கும் கொஞ்சம் குறைவு. டிஸ்க் பெரிதானாலும் பூஸ்டர் உதவி அதிகமாகாது. வெற்றிட ஹோஸில் விரிசல் இருக்கிறதா, நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு சரியா என்று மட்டும் பாருங்கள்.

ஃபீனிக்ஸ்16வி:
அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். ஆயில் ஏன் கொதித்தது? டிஸ்க்கால் சூட்டைத் தாங்க முடியவில்லை, அதனால். கணக்கே போடலாம். ஆட்களும் சாமானும் சேர்ந்து கார் 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 120 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிறுத்த ஏறக்குறைய 6.4 லட்சம் ஜூல். ஆனால் இறக்கத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் குறையும்போதும் 11 லட்சம் ஜூலுக்கு மேல் எங்கேயாவது போயாக வேண்டும். ஐந்தாம் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பெரும்பகுதி அந்தச் சின்ன டிஸ்க்கில்தான் இறங்குகிறது. பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், அதே சூட்டுக்கு வெப்பநிலை குறைவாகவே ஏறும். காலடியில் மிச்சம் வைத்திருப்பது தப்பா? நான் பைன்டவுனில் வளர்ந்தவன். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில்லுக்குக் கீழே பிரேக் இல்லாமல் வந்த லாரி டாக்சிகள் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இறக்கம் என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
கணக்கு சரி தம்பி, அந்த விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் உன் கணக்கு என் பேச்சுக்கும் துணைக்கு வருகிறது. நீண்ட இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் 30, 40-இல் ஊர்ந்தால் டிஸ்க் மேல் காற்றே படாது. பெரிய டிஸ்க் சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான், கடைசியில் அதுவும் ஏறிவிடும். அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ள வேண்டியது இன்ஜின். மேலே இருக்கும்போதே இரண்டாம் கியரில் போட்டுவிட வேண்டும், பாதி இறங்கிய பிறகு அல்ல.

இப்போது நான் உண்மையில் பயப்படுவது அந்த 280 செட்டைப் பற்றி. அண்ணா, உங்கள் கேலிப்பர் பிஸ்டன் இப்போது 48 மி.மீ. என்றால், 54 ஆனதும் பிஸ்டன் பரப்பு 27 சதவீதம் கூடுகிறது. பேடு பிடிக்கும் ஆரமும் இருபது சதவீதத்துக்கு மேல் கூடும். இரண்டையும் பெருக்கினால் அதே அழுத்தத்துக்கு முன் சக்கரப் பிடி ஒன்றரை மடங்கு. பின் டிரம்மில் ஒன்றும் மாறவில்லை. 840 கிலோ கார், முன் டயர் சீக்கிரமே லாக் ஆகும், லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. லாக் ஆகாமல் இருக்க நீங்கள் காலைத் தளர்த்துவீர்கள், அப்போது பின் டிரம்முக்குப் போகும் அழுத்தமும் சேர்ந்தே குறையும், அது செய்யக்கூடிய வேலையைச் செய்யாமலே சும்மா இருக்கும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடும். அதுவும் பின்னால் பிள்ளைகளும் சாமானும் இருக்கும்போதுதான் பின் டயருக்கு நிறையப் பிடி கிடைக்கிறது, அந்த நேரத்தில் பார்த்து அதை வீணாக்குகிறோம்.

ஃபீனிக்ஸ்16வி:
அதற்குத்தானே பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக, 22 மி.மீ.யில் போடுகிறோம்?

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
அது பெடல் ஓட்டத்தைச் சுருக்கும், பெரிய பிஸ்டனுக்கு அது தேவையும்கூட. ஆனால் முன்னும் பின்னும் அழுத்தம் ஒரே அளவில்தான் குறையும், இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். அப்புறம் காரைத் தாழ்த்தியிருக்கிறீர்களா? பின் அச்சில் பாரத்தைப் பார்த்து அழுத்தம் மாற்றும் வால்வு உங்கள் காரில் இருந்தால், தாழ்த்திய காரை அது எப்போதும் பாரம் ஏற்றிய கார் என்றே எடுத்துக்கொள்ளும். ஆள் இல்லாமல் மழையில் ஓட்டும்போது பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும். முன்னால் என்ன போடுகிறீர்கள் என்பதைவிட இதை முதலில் சரி பார்க்க வேண்டும்.

லெனேசியா83:
40 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். அந்த வால்வைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை.

சாட்ஸ்வர்த்_சிட்டி:
பின்னால் டிஸ்க் போட்டுவிட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடுமே? நான் போட்டேன்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
ஹேண்ட்பிரேக் மேட்டில் நிற்கிறதா? சரியாக இருக்கும் டிரம் இந்த எடைக்குத் தாராளம். சரியாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

லெனேசியா83:
சனிக்கிழமை முழுக்கப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், எழுதியே ஆக வேண்டும். ஆயில் கறுப்பாக வந்தது. இடது பின் டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க ஈரம். வலது பக்கம் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நகரவே இல்லை. அப்படியென்றால் இவ்வளவு நாள் முன் டிஸ்க் இரண்டும்தான் தனியாக இழுத்திருக்கின்றன. ரோபோட்டில் (சிக்னலில்) நிற்கும்போதெல்லாம் காரின் மூக்கு குத்துவதை ஸ்ப்ரிங்கால் என்று நினைத்திருந்தேன். காரை என்னிடம் விற்பதற்கு முன் ஒரு பட்டறை பிரேக் முழுதும் பார்த்ததாக பில் இருக்கிறது. அந்த பில்லை நம்பித்தான் பிள்ளைகளை உட்கார வைத்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

புது வீல் சிலிண்டர், ஷூ, ஹோஸ் நான்கும் புதிது, ஆயில் டாட் 4. கோல்ஃப் 1-இன் உள்ளூர் வடிவமான சிட்டி கோல்ஃப் 2009 வரை ஊட்டன்ஹாக் ஆலையில் தயாரானதால் எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. பெடல் இப்போது பாதியிலேயே நிற்கிறது. 280 செட் வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன்.

ஃபீனிக்ஸ்16வி:
சந்தோஷம் அண்ணா. 280 உங்கள் காருக்கு அதிகம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 256-ஐ விடமாட்டேன். ஸ்வார்ட்கோப்ஸில் ட்ராக்கில் ஓட்ட நினைத்தால் மூன்றாவது சுற்றிலேயே 239 உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

மாரிட்ஸ்பர்க்_பட்டறை:
ட்ராக்குக்கு 256, நல்ல பேடு, இரண்டுக்கும் நான் எதிரி இல்லை தம்பி, பின் பக்கம் சரியாக இருந்தால். அண்ணா, அந்த வால்வு இருக்கிறதா என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. காருக்கு அடியில் போய்ப் பின் அச்சுக்கு மேலே பாருங்கள், ஒரு ஸ்ப்ரிங்கும் சின்ன லீவரும் தெரியும். படம் எடுத்துப் போடுங்கள்.