அம்மாவுக்கு கழுத்த திருப்ப ஏலாம இருக்கு, கொலர் எத்தன நாளைக்கு போடணும்?

டிக்கோயாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல வேலை, அம்மா டிக்கோயா பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க, 53 வயசு. 12 நாளைக்கு முன்னால ஹட்டன் டவுனுக்கு போயி சாமான் வாங்கிட்டு ஆட்டோவுல திரும்பி வரும்போது ஒரே பனிமூட்டம், முன்னுக்கு போன பஸ் பிரேக் போட ஆட்டோவும் நின்னிருக்கு, பின்னால வந்த வேன் முட்டிருச்சு. பெரிய அடி இல்ல, ஆட்டோ பின்பக்கம் கொஞ்சம் நெளிஞ்சது, மா பேக் வெடிச்சு கொட்டிருச்சு, அம்மா அன்னைக்கு பூரா அந்த மாவ பத்தித்தான் பொலம்பிட்டு இருந்தாங்களாம். ராத்திரி ரொட்டி சுட்டு சாப்பிட்டு தூங்கிட்டாங்க. விடிய பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு) போக எழும்ப பார்த்தா தலைய தூக்க ஏலல, ஒரு கையால பின்தலைய பிடிச்சு தூக்கித்தான் எழும்பியிருக்காங்க.

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து எலும்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லி பனடோல் குடுத்து அனுப்பிட்டாங்க. மாமா ஃபார்மசியில ஒரு கொலர் வாங்கி குடுத்தாரு, அத போட்டவங்க இன்னும் கழட்டல, தூங்கும்போதும் அதோடதான். இப்ப பிடரியில இருந்து தலைவலி வேற. பெரியம்மா சொல்றாங்க சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட கூட்டிட்டு போயி ஒரு தடவ "டக்"னு திருப்பினா சரியாயிரும்னு. கங்காணி வேற எப்ப வேலைக்கு வருவாங்கன்னு கேக்குறாரு. எலும்பு உடையலன்னா ஏன் இவ்வளவு வலி? என்ன செய்யலாம்?

பிசியோ அக்கா:
தம்பி, நான் நுவரெலியா பக்கம் பிசியோதெரபி செய்றவ. நேர்ல பார்க்காம முழுசா சொல்ல ஏலாது, ஆனா மொதல்ல அம்மாகிட்ட இத கேளுங்க. கை விரல் மரத்துப் போகுதா, டீ கப் கைய விட்டு நழுவுதா, நடக்கும்போது கால் தடுமாறுதா, ஒண்ணுக்கு போறதுல மாத்தம் இருக்கா, பார்வை ரெட்டையா தெரியுதா, தலைவலி நாளுக்கு நாள் கூடி வாந்தி வருதா. இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க, 1990 ஆம்புலன்ஸுக்கு அடிச்சு அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.

இது ஒண்ணும் இல்லன்னா நீங்க சொல்றது விப்லாஷ் மாதிரிதான் இருக்கு. பின்னால இருந்து முட்டும்போது சீட் முதுக முன்னுக்கு தள்ளிரும், தலை அதே எடத்துல நிக்கும், நம்ம தலை நாலரை அஞ்சு கிலோ இருக்கும்ல, இடையில மாட்டுறது கழுத்துதான். அடிக்கழுத்து பின்னுக்கும் மேல்கழுத்து முன்னுக்குமா ஒரு நெளிவு வரும், அப்புறம் தலை பின்னுக்கு போயி முன்னுக்கு வெட்டும், எல்லாம் கண் இமைக்கிறதுக்குள்ள, சதை இறுகி காப்பாத்த நேரமே இல்ல. ஆட்டோ பின் சீட்ல தலைக்கு முட்டு குடுக்க ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கே தெரியும். அடிபட்டது சதை, தசைநார், எலும்புக்கு பின்னால உள்ள சின்ன சின்ன மூட்டு, எக்ஸ்ரேயில அது தெரியாது. அதனால டொக்டர் சொன்னதும் பொய் இல்ல, அம்மா சொல்ற வலியும் பொய் இல்ல. அடுத்த நாள்தான் வலி வந்ததும் வழமைதான். பிடரித் தலைவலியும் அங்க இருந்து ஏறுறதுதான்.

இப்ப கொலர். அத கழட்ட சொல்லுங்க. முந்தி வாரக்கணக்கா போட சொன்னாங்க, இப்ப அப்பிடி இல்ல, எலும்பு உடைவு இல்லன்னா கொலர் போட்டு அசையாம வச்சா சதை பலம் இழந்து இறுகிரும், கழுத்த அசைக்கவே பயமும் வந்துரும். ஒரேயடியா ஏலாதுன்னா ரெண்டு மூணு நாள்ல குறைச்சுட்டு வாங்க, தூங்கும்போது வேணவே வேணாம், ஒரே ஒரு தலையணை போதும்.

மணிக்கொரு தடவை உக்காந்து மெதுவா வலது தோள பார்க்கணும், இடது தோள பார்க்கணும், பத்து பத்து தடவ, வலி ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்திக்கலாம். அப்புறம் நாடிய (தாடைய) உள்ளுக்கு இழுத்து அஞ்சு எண்ணுற வரைக்கும் வச்சு விடணும். சுடுதண்ணி போத்தல துணியில சுத்தி தோள்ல வைக்கலாம். பனடோல் 500 மில்லிகிராம் ஒரு தடவைக்கு ரெண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகக்கூடாது, ஈரல் வருத்தம் இருந்தா டொக்டர கேட்டுத்தான். அவங்க தடிமனுக்கு வேற குளிசை குடிக்கிறாங்களான்னும் பாருங்க, அதுலயும் அதே மருந்து (பரசிட்டமோல்) இருக்கலாம்.

பண்டாரவளை ராசா:
அக்கா சொன்னதுதான். நான் எல்ல ரோட்ல இப்பிடி அடிபட்டு சும்மா இருக்காம சலூன்ல கழுத்த நெட்டி முறிச்சுக்கிட்டேன் 😅 மூணு நாள் தலை சுத்தல், சுவர பிடிச்சுட்டு நடந்தேன். அந்த டக் வேணாம் ப்ரோ. அம்மாவுக்கு சித்தாலேப தைலம் போடணும்னா போடட்டும் வாசனைக்காவது தூக்கம் வரும்.

பிசியோ அக்கா:
அது சிரிக்கிற விஷயம் இல்ல தம்பி. மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் கழுத்தெலும்புக்குள்ளாலதான் போகுது, டக்னு திருப்புறதுல அது கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. தோள்ல எண்ணெய் போட்டு மெதுவா தேய்க்கலாம், பெரியம்மாகிட்ட அதோட நிக்க சொல்லுங்க.

ஹட்டன்_82:
பொலிஸ்ல என்ட்ரி போட்டீங்களா? ஆஸ்பத்திரி துண்டு, பனடோல் பில் எல்லாம் ஒரு பேக்ல போட்டு வைங்க. சின்ன அடிதானேன்னு எல்லாரும் விடுறது, வேன் நம்பர் இல்லாம பெறகு இன்சூரன்ஸ் கேக்க போனா யாரும் கணக்கெடுக்க மாட்டாங்க.

டிக்கோயாக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. என்ட்ரி போடல, நம்பர் ஆட்டோ அண்ணன்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கெழம போறேன். விறைப்பு தடுமாற்றம் ஒண்ணும் இல்லயாம். நேத்து கொலர கழட்டி வீடியோ கோல்ல திருப்ப சொன்னேன், இடது பக்கம் பாதிதான் போகுது, வலது பக்கம் ஜன்னல் வரைக்கும் பார்க்கிறாங்க. அக்கா, வேலைக்கு எப்ப போகலாம்? கூடைக் கயிறு தலையிலதானே.

பிசியோ அக்கா:
அதுதான் நானும் யோசிச்சேன். நடக்கலாம், சமைக்கலாம், வீட்டு வேலை கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம், அது நல்லதும் கூட. ஆனா ஈரக் கொழுந்து கூடைய தலைக்கயித்துல சுமக்கிறது இந்த கழுத்துக்கு கடைசி வேலை. ரெண்டு பக்கமும் தலை முழுசா திரும்பி, வலி தூங்க விடாம பண்றது நின்னப்புறம்தான். அதுவும் பாதிக் கூடையில ஆரம்பிச்சு அடிக்கடி நிறுவைக்கு கொண்டு போகட்டும், கயித்த நெத்தியில போடாம பைய தோள்ல மாட்ட விடுவாங்களான்னு கங்காணிகிட்ட கேளுங்க. நெறையப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல சரியாயிரும், சிலருக்கு இழுக்கும். ஆறு வாரத்துல இதே நிலைமைன்னா துண்டு வாங்கிட்டு பிசியோ கிளினிக்குக்கு வரட்டும். பஸ்ல வந்தா பின் சீட்ல உக்கார வேணாம், நடு சீட்.