அம்மம்மா வீட்டுக் குறூப்

லண்டன் சித்தி: அம்மாவுக்கு ரிக்கெற் போட்டாச்சு. கட்டுநாயக்காவிலயிருந்து நேரா ஹீத்ரோ. வீல்செயாருக்கு என்ன செய்யோணும்?

நல்லூர் மாமா: கவுண்டரில கேட்டால் தருவாங்கள்

கொக்குவில் அண்ணை: மாமா, அங்க போய்க் கேட்கிற விசயமில்லை இது. 48 மணித்தியாலத்துக்கு முன்னமே விமானக் கொம்பனிக்குச் சொல்லி புக்கிங்கில பதியோணும். மூண்டு வகை இருக்கு. படி ஏறுவினம், தூரம் நடக்கேலாது எண்டால் டபிள்யூ.சி.எச்.ஆர். எண்ட குறியீடு. படி ஏறேலாது, ஆனால் உள்ள சீற் மட்டும் நடப்பினம் எண்டால் கடைசி எழுத்து எஸ். அறவே நடக்கேலாட்டில் சி. அம்மம்மா படி ஏறுறாவோ?

லண்டன் சித்தி: கையைப் பிடிச்சால் ஏறுவா

குட்டி: இல்லை சித்தி. போன வெள்ளி கோயில்ல தூக்கித்தான் விட்டது

லண்டன் சித்தி: எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை??

பெரியம்மா: சொன்னால் அழுவாய்

கொக்குவில் அண்ணை: அப்ப 'எஸ்'தான் போடோணும். 'ஆர்' எண்டு பதிஞ்சிட்டு, பிளேன் தள்ளி நிண்டு பஸ்ஸில கொண்டுபோனால் படிக்கட்டுக்குக் கீழ நிக்கவேண்டி வரும். எஸ் எண்டால் ஆளை மேல தூக்கிற லொறிக்கு ஆயத்தம் செய்வினம்.

ரொறன்ரோ சித்தப்பா: டோகாவால போனால் காசு குறைவு. அப்பவே சொன்னனான்

நல்லூர் மாமா: நீ எப்பவும் அப்பவே சொன்னனிதான் 😄

கொக்குவில் அண்ணை: வேண்டாம் சித்தப்பா. வீல்செயார் ஆக்களைக் கடைசியாத்தான் இறக்குவினம். டோகாவில பிளேன் மாற ஒண்டரை மணித்தியால இடைவெளி காணாது. மற்றது, ரெண்டு பிளேனுக்கும் பதிவு இருக்கோ எண்டு தனித்தனியப் பார்க்கோணும்.

பெரியம்மா: மாங்காய் ஊறுகாய் கையில கொண்டு போகலாமோ

குட்டி: 100 மில்லிக்கு மேல பறிப்பாங்கள். பெரிய பாக்கில வையுங்கோ

கொக்குவில் அண்ணை: சொந்த வீல்செயார் பொதி நிறையில சேராது. பிளேன் வாசல் வரைக்கும் அதிலயே போகலாம். இறங்கேக்க வாசலில திருப்பித் தரச்சொல்லி செக்-இன்ல ராக் போடுவியுங்கோ. மெத்தையையும் ரெண்டு கால்தட்டையும் கழட்டி உள்ள கொண்டுபோங்கோ, துலையிறது அதுகள்தான். குடுக்க முன்னம் நாலு பக்கமும் படம் எடுங்கோ. உடைஞ்சிருந்தால் எயார்போட்டை விட்டு வெளிய வர முன்னமே எழுதிக் குடுக்கோணும்.

சீற் வழியோரம் கேளுங்கோ. கன சீற்றுகளில கைபிடிக்கு அடியில, பின்பக்கமா ஒரு சின்ன விசை இருக்கும். அமத்தினால் கைபிடி மேல எழும்பும், ஆளைப் பக்கவாட்டிலயே நகர்த்தி இருத்தலாம்.

பணிப்பெண்கள் ரொயிலற் வாசல் மட்டும் கொண்டுபோய் விடுவினம். உள்ள தூக்கி இருத்தமாட்டினம். ஏறக்குறைய 11 மணித்தியாலம். ஒரு பொம்பிளை கட்டாயம் கூடப் போகோணும்.

லண்டன் சித்தி: ஆர்?

குட்டி: எனக்குச் சோதனை

பெரியம்மா: எனக்கு விசா இல்லை. மாமியிட்ட இருக்கு, அவவைக் கேளுங்கோ

நல்லூர் மாமா: நான் கேட்கேலாது. கலியாணக் காட் வரேல்லை எண்டு கோவத்தில நிக்கிறா

லண்டன் சித்தி: வட்ஸ்அப்பில அனுப்பினனானே!

பெரியம்மா: அது காட் இல்லையாம்

கொக்குவில் அண்ணை: எஸ் எண்டு இப்ப மெயில் போடுறன். மாமியோட சித்தி கதையுங்கோ. அவவுக்குச் சீற் பக்கத்தில வேணும், பிந்தினால் கிடையாது.

லண்டன் சித்தி: நாளைக்கு எடுக்கிறன்

பெரியம்மா: மோர்மிளகாய் எத்தினை கிலோ?