புதுப்பிப்பு: எங்கள் ஆக்சோலாட்டலை மருத்துவர் பார்த்துவிட்டார்

செவுள்களில் பஞ்சு போல வெள்ளை படர்ந்து, இரை எடுக்காமல் கிடந்த எங்கள் ஆக்சோலாட்டலுக்கு (பல்லி போன்ற உருவில், வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும் நீர்நில வாழ் உயிர்) தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவர் யாரேனும் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் நாயைப் பார்க்கும் மருத்துவர், நீர்நில வாழ்வன தமக்குப் பழக்கமில்லை என்று நேராகச் சொல்லி, தவளை, பாம்பு முதலியவற்றைப் பார்க்கும் வேறொருவரிடம் அனுப்பிவைத்தார்; மழுப்பாமல் சொன்ன அவருக்கு நன்றி.

புதியவர் பிராணியைத் தொடுமுன் தொட்டித் தண்ணீரைத்தான் கேட்டார். தனிப் போத்தலில் கொண்டுபோனது நல்லதாயிற்று. கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சான அம்மோனியா இல்லை, ஆனால், வீட்டில் நான் குறித்துவைத்திருந்த வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த இவ்வுயிருக்கு 16 முதல் 18 பாகையே ஏற்றது என்பதால், இங்குள்ள பிப்ரவரிக் கோடை வெக்கையில் எதிர்ப்பாற்றல் குறைந்து பூஞ்சை பற்றியிருக்கலாம் என்றார். செவுளிலிருந்து சிறிது வழித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது நூலிழைகள் எனக்கும் தெரிந்தன. மருந்தைத் தோல் வழியாகவே உறிஞ்சும் உடல் என்பதால், கடையில் விற்கும் மீன் மருந்துகளைத் தம்மைக் கேளாமல் ஊற்றக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இப்போது தனிப் பெட்டியில், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரை நாள்தோறும் முழுதாக மாற்றி, அவர் அளந்து சொன்ன உப்புநீரில் காலையும் மாலையும் பத்து நிமிடம் விடுகிறோம். பஞ்சு உதிர்ந்துவிட்டது, குட்டையாகிப்போன செவுள் இழைகள் மீண்டும் வளரும் என்கிறார். நேற்று மண்புழுத் துண்டு ஒன்றை விழுங்கியது. தற்போதைக்கு மின்விசிறியும் பனிக்கட்டிப் போத்தலும்தான் துணை. மின்வெட்டு வந்தால் பனிக்கட்டி மட்டுமே. தொட்டிக்கான பழைய குளிர்விப்பான் யாரிடமேனும் விற்பனைக்கு இருந்தால் தெரிவியுங்கள்.