மறு: பனியுடைகலம் – சொல்லை மாற்றலாமா?

> 'லைட் ஐஸ்பிரேக்கர்' என்பதற்கு 'இலகு பனியுடைகலம்' சரியாக இருக்குமா?

வணக்கம் ஐயா,

கடற்பனியை உடைத்து வழி உண்டாக்கும் கப்பலை, அதாவது ஐஸ்பிரேக்கரை, 'பனியுடைகலம்' என்கிறீர்கள். ஆனால் 'உடைகலம்' என்றால் நம் இலக்கியத்தில் உடைந்த கப்பல். மணிமேகலையில் சாதுவன் கலம் உடைந்துதான் நாகர் மலையில் கரையேறுகிறான். 'உடைகலப் பட்டு' என்றே அங்கே வருகிறது. பழந்தமிழ் படித்தவர் காதில் உங்கள் சொல், பனியில் மோதி உடைந்த கலம் என்றுதான் விழும்.

நீங்கள் எழுதும் கட்டுரைக்கு இது பெரிய இடைஞ்சல். அதில் வரும் கனடாவின் லைட் ஐஸ்பிரேக்கரான 'சர் வில்ஃப்ரிட் லோரியே' கப்பலின் புகழே ஓர் உடைகலத்தைத் தேடிப் போனதில் இருக்கிறது. ஆர்க்டிக்கில் கடல்வழி தேடிப் போன பிராங்க்ளின் குழுவின் கப்பலான 'எரெபஸ்' 1846இல் கிங் வில்லியம் தீவருகே பனியில் சிக்கி, 1848இல் கைவிடப்பட்டது. 2014 செப்டம்பரில் அதைத் தேடிய தொல்லியலாளர்களுக்கு லோரியேதான் தளம். அதன் ஹெலிகாப்டர் விமானி ஒரு சிறு தீவில் பழைய கப்பல் இரும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அதை வைத்துத் தேடும் பரப்பைக் குறுக்கி, 11 மீட்டர் ஆழத்தில் எரெபஸைக் கண்டுபிடித்தார்கள். கடலடியில் கிடந்ததும் உடைகலம், மேலே நின்றதும் உடைகலம் என்று எப்படி எழுதுவது?

என் முன்மொழிவு: பனிநொறுக்கி.

இந்தக் கப்பல் பனியை வெட்டுவதில்லை. சரிந்த முகப்பால் பனிமேல் ஏறி, தன் எடையால் அமுக்கி நொறுக்குகிறது. 'பனி' என்றால் நமக்கு மார்கழிப் பனிதானே என்று முன்பு ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மார்கழிப் பனியை யாரும் நொறுக்க முடியாது; 'நொறுக்கி' என்றதுமே கட்டிப்பனி என்று புரிந்துவிடும்.

அடுத்தது 'இலகு'. ஈழத்தில் அதற்கு 'எளிது' என்ற பொருளே முந்திக்கொள்ளும். 'எடைகுறைந்த' என்றால் இன்னும் மோசம். எடையால் வேலை செய்யும் கப்பல் இது! இங்கே 'லைட்' என்பது எவ்வளவு கனமான பனியைத் தாங்கும் என்பது பற்றியது. லோரியே 'ஆர்க்டிக் வகுப்பு 2'. பழைய கனடிய விதியில் அந்த எண் அடிக்கணக்கு: சுமார் இரண்டடிப் பனியில் நிற்காமல் போகலாம். 'இளம்பனி நொறுக்கி' என்றும் யோசித்தேன். ஆனால் 10 முதல் 30 செ.மீ. வரை கனமுள்ள கடற்பனிக்கு வானிலையாளர்கள் வைத்திருக்கும் 'யங் ஐஸ்' என்ற ஆங்கிலப் பெயருக்கு 'இளம்பனி' அப்படியே பொருந்துகிறது. அதை அங்கேயே விட்டுவைப்போம்.

கனடாவில் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள் என்பதால் சொற்களையும் சேர்த்தே ஆக்க வேண்டும்: பெருந்திறன் பனிநொறுக்கி, இடைத்திறன் பனிநொறுக்கி, சிறுதிறன் பனிநொறுக்கி. 'சிறுதிறன்' அந்தக் கப்பலைத் தாழ்த்துவதாக எனக்கும் ஒரு சிறு உறுத்தல் உண்டு. 83 மீட்டர் நீளம், 1986 முதல் பணி. மிதவைகளைப் பராமரிக்கிறது, மீட்புக்குப் போகிறது, கோடைதோறும் மேற்கு ஆர்க்டிக்கிற்கும் போய்வருகிறது. இதைவிட நல்ல அடைமொழி யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

இன்னொன்று. கட்டுரையில் 'கடலோரக் காவல்படை' என்றிருக்கிறது. இந்தியாவுக்கு அது சரி. கனடாவினுடையது குடிசார் அமைப்பு, 'படை' என்ற சொல் அங்கே பொருந்தாது. 'கனடியக் கடலோரக் காவல்' என்று நிறுத்திக்கொள்ளலாமா?

'பனிநொறுக்கி'க்கு மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.